ஸ்ட்ரைக் முடிந்தும் வேலை திரும்பலையே: காரணம் ஏஐயா, வேறா?

கீஃப்ரேம்:

2023 ஹாலிவுட் வேலைநிறுத்தம் பற்றித் தமிழில் தேடினால் "ஏஐயை எதிர்த்து எழுத்தாளர்கள் ஜெயித்தார்கள்" என்ற ஒரே வரிதான் வருது. ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கு என்று யாரும் சொல்வதில்லை. விவரம் தெரிந்தவங்க மூணு விஷயம் சொல்லுங்க.

முதலாவது, ஏஐ பற்றி அந்த ஒப்பந்தங்களில் இருக்கும் விதிகள் என்ன, ஓட்டை எங்கே? அடுத்து, ஸ்ட்ரைக் முடிந்த பிறகும் வேலை பழைய அளவுக்கு வரலை. அதில் ஏஐயின் பங்கு எவ்வளவு? கடைசியா, சென்னையில் ரோட்டோ (ஃப்ரேம் ஃப்ரேமா ஆளின் விளிம்பைப் பிரித்தெடுப்பது), பெயிண்ட் (காட்சியில் வேண்டாததை அழிப்பது), மேட்ச்மூவ் (கேமரா அசைவைக் கணினியில் மீட்டெடுப்பது), டப்பிங் என்று அந்தத் தொழிலின் வால்பக்கத்தில் இருப்பவங்களுக்கு இதில் ஏதாவது பாதுகாப்பு உண்டா? எந்த வேலை முதலில் போகும்?

"ஏஐ எல்லாத்தையும் தின்னுடும்", "ஏஐ வெறும் கருவிதான்" ரெண்டும் வேண்டாம். அதுக்கு யூடியூப் இருக்கு.

பிரதிவாதி:

முதல் கேள்விக்கு மட்டும் வர்றேன். எந்தச் சங்கமும் ஏஐக்குத் தடை வாங்கலை. ஏஐ வைத்து முதலாளி மிச்சம் பிடிக்க நினைக்கும் காசை மிச்சம் பிடிக்க முடியாதபடி கூலிக் கணக்கை மாத்தினாங்க. இதை மனசில் வச்சுக்கிட்டா ஒப்பந்தம் புரியும்.

எழுத்தாளர் சங்கமான டபிள்யூஜிஏ 2023 மே 2 முதல் செப்டம்பர் 27 வரை 148 நாள் நின்றது. அவங்க பயந்தது ரோபோ கதை எழுதும் என்பதற்கு இல்லை. ஸ்டுடியோ ஏஐயில் ஒரு முதல் பிரதியை எடுத்து, "இதைக் கொஞ்சம் சரிபண்ணிக் கொடுங்க" என்று நீட்டினால் என்ன ஆகும்? புதுத் திரைக்கதைக்கு உள்ள கூலி போய், திருத்தி எழுதும் கூலிதான் கிடைக்கும். அது கணிசமாகக் குறைவு. டைட்டில் கிரெடிட்டும், அதை ஒட்டி வரும் ரெசிடுவல் (மறு ஒளிபரப்புக்குக் கிடைக்கும் பங்கு) பணமும் ஆட்டம் காணும். அதனால் ஒப்பந்தத்தின் 72-ஆம் பிரிவில், ஏஐ எழுதியது இலக்கியப் படைப்பாகவும் ஆகாது, மூலக்கதையாகவும் ஆகாது என்று போட்டாங்க. அதாவது ஏஐ பிரதியை கையில் கொடுத்தாலும், வெற்றுத் தாளில் இருந்து எழுதியதற்கான கூலியைக் கொடுத்தாகணும். கொடுக்கும் காகிதத்தில் ஏஐ எழுதியது இருந்தால் முன்கூட்டியே சொல்லணும். எழுத்தாளர் விரும்பினால், கம்பெனி சம்மதித்தால், ஏஐ பயன்படுத்தலாம். பயன்படுத்தியே ஆகணும் என்று கம்பெனி கட்டாயப்படுத்த முடியாது.

நடிகர் சங்கமான சாக்-ஆஃப்ட்ரா ஜூலை 14 முதல் நவம்பர் 9 வரை 118 நாள். ரெண்டு சங்கமும் ஒரே நேரத்தில் நின்றது 1960க்குப் பிறகு அப்போதுதான். இவங்க ஒப்பந்தம் ஏஐ உருவத்தை மூணு வகையாப் பிரிக்குது.

வேலைக்கு எடுத்த நடிகரையே ஸ்கேன் செய்து உருவாக்கும் டிஜிட்டல் நகல் முதல் வகை. ஸ்கேன் எடுக்க 48 மணி நேரம் முன்னால் சொல்லணும் (அவசரமா எடுத்த ஆள் என்றால் வேலைக்கு அழைக்கும்போதே). சம்மதம் ஒப்பந்தத்தின் பொடி எழுத்துக்குள் ஒளிந்திருக்கக் கூடாது. தனித் தாளில், அல்லது தனியாகக் கையெழுத்தோ இனிஷியலோ போட்ட பத்தியில் இருக்கணும். எதற்குப் பயன்படுத்தப் போறாங்க என்ற விவரமும் அதில் வேணும். அதே படத்தில் நகலை நடிக்க வைத்தால், அந்தக் காட்சிக்கு நடிகர் நேரில் வந்திருந்தால் எத்தனை நாள் ஆகுமோ அத்தனை நாள் கூலி. வேறு படத்துக்கு என்றால் தனியா சம்மதம், தனியா பேரம்.

ரெண்டாவது வகையில் நடிகரைக் கூப்பிடாமலேயே, ஏற்கெனவே உள்ள படம், ஒலியில் இருந்து நகல் எடுப்பாங்க. இதற்கும் சம்மதமும் பேரமும் வேணும். நையாண்டி, விமர்சனம், வரலாற்றுச் சித்திரிப்பு போன்றவற்றுக்கு விலக்கு உண்டு.

மூணாவது யாருடைய சாயலும் இல்லாத செயற்கை நடிகர். ஓட்டை இங்கேதான். மனித நடிகருக்குப் பதிலா இதைப் போட்டால் சங்கத்துக்குத் தகவல் சொல்லி, பேச வாய்ப்பு தரணும். அவ்வளவுதான். தடுக்கும் உரிமை கிடையாது. 2025 செப்டம்பரில் டில்லி நார்வுட் என்ற ஏஐ "நடிகை"யை அறிவித்தபோது சங்கம் கண்டன அறிக்கையோடு நின்றதற்குப் பின்னால் இந்த வரம்பும் இருக்கு.

இன்னொரு ஓட்டை: நடித்தது "பெரும்பாலும் எழுதியபடியே, நடித்தபடியே" இருந்தால் திருத்தத்துக்குத் தனிச் சம்மதம் வேண்டாம். நிறம், ஒலித் தெளிவு, வேகம், சென்சாருக்கான வெட்டு, வசனத்தில் சின்ன மாற்றம் எல்லாம் அதில் அடங்கும். "பெரும்பாலும்" எது வரைக்கும் என்பதுதான் சண்டை. பழைய திரைக்கதைகளை வைத்து ஏஐக்குப் பயிற்சி கொடுக்கலாமா என்பதும் தீரலை. அது கூடாது என்று வாதாடும் உரிமையை டபிள்யூஜிஏ கையில் வைத்துக்கொண்டது, அவ்வளவே.

எடிட்மேசை:

பிரதிவாதி சொன்னது சரி. ஆனால் வேலை எண்ணிக்கையைக் காப்பாற்றியது ஏஐ பிரிவு இல்லை, ஆள் எண்ணிக்கைப் பிரிவு. பத்திரிகைகள் அதைக் கண்டுக்கவே இல்லை.

ஸ்ட்ரீமிங் வந்த பிறகு "மினி ரூம்" என்று ரெண்டு மூணு பேரைச் சில வாரம் உட்கார வைத்து முழு சீசனையும் கறந்துவிட்டு அனுப்புவது வழக்கமாச்சு. 2023 ஒப்பந்தப்படி, சீரிஸுக்கு அனுமதி கிடைத்த பிறகு 6 எபிசோட் வரை 3 எழுத்தாளர், 7 முதல் 12 வரை 5 பேர், 13ம் அதற்கு மேலும் என்றால் 6 பேர் குறைந்தபட்சம் இருக்கணும், 20 வாரம் வேலை உறுதி (அறை அதற்கு முன்பே முடிந்தால் அது முடியும் வரை). அனுமதிக்கு முந்தைய அறையில் 3 பேர், 10 வாரம். ஏஐ எவ்வளவு வேகமா எழுதினாலும் இந்தத் தலை எண்ணிக்கை குறையாது. யந்திரத்தோடு மோதுவதைவிட நாற்காலியை எண்ணி வாங்குவது கெட்டிக்காரத்தனம்.

இதிலும் ஒரு வாசல் திறந்திருக்கு. ஒரே எழுத்தாளர் எல்லா எபிசோடையும் எழுதினால் ஆள் எண்ணிக்கை விதி பொருந்தாது. ஒருத்தரும் ஒரு ஏஐயும் சேர்ந்து "ஒரே எழுத்தாளர்" ஆகும் நாளில் இந்தப் பிரிவுக்கு வேலை இருக்காது. அடுத்த பேரத்தில் அடைக்க வேண்டியது இதைத்தான்.

துணை நடிகர்களுக்கும் இதே உத்திதான். கூட்டக் காட்சியில் சங்கக் கூலிக்கு இத்தனை பேர் என்ற குறைந்தபட்ச எண்ணிக்கை உண்டு. டிஜிட்டல் நகலை வைத்து அந்த எண்ணிக்கையை நிரப்பக் கூடாது. அந்த எண்ணிக்கைக்கு மேலே கூட்டத்தைப் பெருக்கலாம். அதை விஎஃப்எக்ஸில் பல வருஷமா செய்துட்டுதான் இருக்காங்க.

தரமணி_பெஞ்ச்:

ரெண்டாவது கேள்வி. வேலை குறைந்ததற்கு முதல் காரணம் ஏஐ இல்லை. ஸ்ட்ரைக் கூட ஒரு பகுதிதான்.

அமெரிக்காவில் வயது வந்தோருக்கான புனைவுத் தொடர்களை எஃப்எக்ஸ் சேனல் வருஷா வருஷம் எண்ணி வந்தது. 2022ல் 600 என்ற உச்சம், 2023ல் 516. ஆனால் சரிவு ஸ்ட்ரைக்குக்கு முன்பே தொடங்கியாச்சு. 2022ல் நெட்ஃபிளிக்ஸ் சந்தாதாரர் எண்ணிக்கை குறைந்ததும், வட்டி ஏறியதும், "எவ்வளவு கடன் வாங்கியாவது படம் எடு" என்ற காலம் முடிந்தது. ஸ்ட்ரைக் நடந்தபோது ஸ்டுடியோக்கள் நீண்டகால எழுத்தாளர் ஒப்பந்தங்கள் சிலவற்றை ஃபோர்ஸ் மெஜூர் பிரிவைக் (கைமீறிய தடை வந்தால் கடமையில் இருந்து விலக விடும் பிரிவு) காட்டி நிறுத்தி வைத்தாங்க. எப்படியும் குறைக்க நினைத்ததைக் குறைக்க ஒரு சாக்கு.

ஸ்ட்ரைக்கில் நேரடியா அடி வாங்கியது ஸ்ட்ரைக் செய்யாதவங்க. 2023 ஆகஸ்ட் மாத அமெரிக்க வேலைவாய்ப்பு அறிக்கையில் திரைப்பட, ஒலிப்பதிவுத் துறையில் 17,000 வேலை குறைந்தது. அறிக்கையே ஸ்ட்ரைக்கைக் காரணமாகச் சொன்னது. லைட்மேன், ஆர்ட் டிபார்ட்மென்ட், கேட்டரிங், டிரைவர் எல்லாருக்கும் மருத்துவக் காப்பீடு வேலை நேரத்தோடு கட்டிய கயிறு. தொழில்நுட்பப் பணியாளர் திட்டத்தில் ஆறு மாசத்துக்கு 400 மணி நேரம் வேலை பார்த்தால்தான் காப்பீடு தொடரும். நடிகர்களுக்கு மணி நேரம் இல்லை, வருமானக் கணக்கு; 2023ல் வருஷத்துக்கு 26,470 டாலர். சங்க உறுப்பினரில் பெரும்பாலானோர் சாதாரண வருஷத்திலேயே அதை எட்டுவதில்லை.

வேலையின்மை உதவித்தொகையும் மாநிலத்தைப் பொறுத்தது. நியூயார்க்கில் 2023ல் ஸ்ட்ரைக் செய்தவருக்கு இரண்டு வாரக் காத்திருப்புக்குப் பின் கிடைத்தது. கலிஃபோர்னியாவில் அதற்கான மசோதா சட்டசபையில் நிறைவேறியும் ஆளுநர் நியூசம் 2023 செப்டம்பர் 30ல் கையெழுத்துப் போட மறுத்தார்.

சென்னைக்கு அடி ஏன் தாமதமா வந்தது என்பதைத் தனியாப் பார்க்கணும். ஷூட்டிங் ஜூலையில் நின்றாலும், ஏற்கெனவே எடுத்த காட்சிகள் போஸ்ட் புரொடக்ஷனில் ஓடிக்கிட்டு இருந்தது. அது தீர்ந்த பிறகுதான் இங்கே மேசை காலியாச்சு. நவம்பரில் ஸ்ட்ரைக் முடிந்தாலும், படக்குழு திரும்பச் சேர்ந்து, ஷூட் முடித்து, எடிட் ஓரளவு நிலைத்து, ஷாட் பிரித்து அனுப்பும் வரை இங்கே வேலை வராது. "ஸ்ட்ரைக் முடிஞ்சதே, அப்போ ஏஐதான் காரணம்" என்று 2024ல் பேசியவங்க இந்த இடைவெளியை மறந்துட்டாங்க. அந்தக் காலத்தைத் தாக்குப்பிடிக்க முடியாமல் விழுந்ததில் பெரியது விஎஃப்எக்ஸ் நிறுவனமான டெக்னிகலர் குழுமம். 2025 பிப்ரவரியில் அதன் ஸ்டுடியோக்களான எம்பிசி, தி மில் எல்லாம் மூடியது, பெங்களூரு அலுவலகமும் சேர்த்து. கம்பெனி சொன்ன காரணங்களில் கோவிட்டுக்குப் பிந்தைய மீட்சி, குழுமத்தைப் பிரித்த செலவு, எழுத்தாளர் ஸ்ட்ரைக்கால் ஆர்டர் குறைந்தது எல்லாம் இருந்தது.

ஏஐ இதில் மறைமுகமா வேலை செய்யுது, புது முதலீட்டை நிறுத்துவதன் மூலமா. 2024 பிப்ரவரியில் ஓபன்ஏஐ, எழுத்தில் கேட்டால் வீடியோ தரும் சோராவைக் காட்டியதும், தயாரிப்பாளர் டைலர் பெர்ரி அட்லாண்டாவில் 80 கோடி டாலர் ஸ்டுடியோ விரிவாக்கத்தை நிறுத்தி வைத்தார். அங்கே யாரும் வேலை இழக்கலை, ஆனால் வரவேண்டிய வேலைகள் வரலை. எந்தப் புள்ளிவிவரத்திலும் இது ஆட்குறைப்பு என்று பதிவாகாது.

கீஃப்ரேம்:

நன்றி, அந்த இடைவெளிக் கணக்கு யாரும் சொல்லாதது. அப்போ மூணாவது? மார்வெல் விஎஃப்எக்ஸ் ஆட்கள் சங்கம் சேர்ந்ததா படிச்சேன். அதனால் வெண்டர் ஸ்டுடியோவில் (ஒப்பந்தத்துக்கு வேலை எடுத்துச் செய்யும் வெளி நிறுவனம்) இருப்பவங்களுக்கு ஏதாவது உண்டா?

பெசியர்:

இல்லைங்க. 2023 செப்டம்பரில் 32-0 என்று வாக்களித்து ஐயாட்சி என்ற திரைத் தொழில்நுட்பப் பணியாளர் சங்கத்தில் சேர்ந்தது மார்வெல் நேரடியா சம்பளம் கொடுக்கும் ஆட்கள். வெண்டர் ஸ்டுடியோ ஆர்ட்டிஸ்ட், அது வான்கூவரோ சென்னையோ, அந்த வாக்கில் இல்லை. அந்த வாக்கால் சென்னை ரோட்டோவுக்கு எந்தப் பாதுகாப்பும் வரலை.

எது முதலில் போகும் என்பதை டிபார்ட்மென்ட் பெயரா பார்க்காதீங்க, ஷாட்டுக்குள்ளே பாருங்க.

மேட் என்பது ஆளைப் பின்னணியில் இருந்து பிரிக்கும் கறுப்பு-வெள்ளை முகமூடி. வேண்டாத பகுதியை ஒதுக்கும் கார்பேஜ் மேட், உடம்பின் உட்பகுதியை மூடும் கோர் மேட், கலர் கிரேடுக்குக் கொடுக்கும் தளர்வான மேட்: இவை ஏற்கெனவே போயாச்சு. ரிசால்வில் மேஜிக் மாஸ்க், ஆஃப்டர் எஃபெக்ட்ஸில் ரோட்டோ பிரஷ், மெட்டாவின் சாம் 2 எல்லாம் இதை ஒரு கிளிக்கில் செய்யும். பிரச்சினை விளிம்பில்தான். முடிக்கற்றை, மோஷன் பிளர், ஃபோகஸ் விலகிய தோள், கை குறுக்கே போய்த் திரும்பி வருவது, ஒரே நிறச் சட்டை போட்ட ரெண்டு பேர் உரசிக்கிட்டு நடப்பது. ஒவ்வொரு ஃப்ரேமும் தனியாப் பார்த்தால் சரியா இருக்கும். ஓட்டினால் விளிம்பு கொதிக்கும். மாடல் ஒவ்வொரு ஃப்ரேமிலும் விளிம்பை ஒரு பிக்சல் அங்கே இங்கே வைப்பதால் வரும் கொதிப்பு அது. பிளர் போட்டு அடக்கினால் விளிம்பின் கூர்மை போகும், கிளையன்ட் திருப்பி அனுப்புவான்.

ரெண்டாவது சிக்கல், ஏஐ கொடுப்பது பிக்சல் மேட், ஷேப் (புள்ளிகளை இழுத்துத் திருத்தக்கூடிய கோட்டு வடிவம்) இல்லை. சில்லவெட் என்ற ரோட்டோ மென்பொருளில் போட்ட ஷேப் என்றால், காட்சியின் அடுக்குகளை ஒன்று சேர்க்கும் கம்பாசிட்டர் ஒரு புள்ளியை இழுத்து, ஃபெதரை (விளிம்பின் மென்மை) மாத்திச் சரிபண்ணிக்கலாம். பிக்சல் மேட்டில் தப்பு என்றால் மறுபடி ஓட்டணும். ஷேப் ஃபைலும் சேர்த்துக் கேட்கும் கிளையன்ட்கிட்ட இது இன்னும் செல்லாது.

மூணாவது பாதுகாப்பு விதி. டிபிஎன் (வெளிவராத படங்களின் பாதுகாப்பைச் சோதிக்கும் ஹாலிவுட் அமைப்பு) தணிக்கை உள்ள ஸ்டுடியோவில் கிளையன்ட் ஃபுட்டேஜை அவங்க அனுமதி இல்லாமல் வெளி கிளவுட் கருவியில் ஏற்ற முடியாது. பொதுவா உள் சர்வரில் ஓடும் கருவிதான் செல்லும். ஆர்வக்கோளாறில் ஒரு ஷாட்டை வெளி இணையதளத்தில் ஏற்றினால் ஆளோட வேலை மட்டுமில்லை, ஸ்டுடியோவோட ஒப்பந்தமே போகும்.

இப்போ கத்துக்க வேண்டியதுன்னா நியூக்எக்ஸ் என்ற கம்பாசிட்டிங் மென்பொருளில் உள்ள காப்பிகேட். ஷாட்டில் சில ஃப்ரேமுக்குக் கையால் சுத்தமா ரோட்டோ போட்டு, அதை வைத்து அந்த ஷாட்டுக்கு மட்டும் ஒரு மாடலைப் பயிற்றுவிக்கிறது, பிறகு இன்ஃபரன்ஸ் நோடில் மிச்ச ஃப்ரேமுக்கு ஓட்டுறது. பெரும்பாலானவங்க சறுக்குவது ஃப்ரேம் தேர்வில். சம இடைவெளியில் பத்து ஃப்ரேம் எடுப்பாங்க. அப்படி எடுக்கக் கூடாது. வெளிச்சம் மாறும் ஃப்ரேம், பிளர் உச்சத்தில் இருக்கும் ஃப்ரேம், மறைப்பு தொடங்கும் ஃப்ரேமும் முடியும் ஃப்ரேமும், அப்புறம் ஆளே இல்லாத ஒரு ஃப்ரேம். கடைசியைச் சேர்க்காவிட்டால் மாடல் காலி இடத்திலும் எதையாவது வெள்ளையடிக்கும். பேட்ச் சைஸ் (மாடல் ஒரு தடவைக்குப் பார்க்கும் படத் துண்டு) சின்னதா இருந்தால் முகத்துக்கும் கைக்கும் வித்தியாசம் தெரியாது. பெரிசா வைத்தால் கிராஃபிக்ஸ் கார்டு மெமரி தீரும். லாஸ் கோடு (பிழை அளவைக் காட்டும் வரைகோடு) தட்டையாகும் வரை ஓட விட்டு, இடையில் கான்டாக்ட் ஷீட்டை (இடைக்கால முடிவுகளின் படத் தாள்) பாருங்க. மார்க்கர் நீக்குற பெயிண்ட் வேலைக்கும் இதே முறைதான்.

மேட்ச்மூவ் சுலபமான ஷாட்டில் எப்பவோ ஆட்டோமேட்டிக். ரோலிங் ஷட்டர் (சென்சார் வரிவரியாப் பதிவதால் படம் சாய்வது), பாரலாக்ஸே (அருகில் உள்ளதும் தொலைவில் உள்ளதும் வேறு வேகத்தில் நகர்வது) இல்லாத பேன், ஃப்ரேம் முழுக்க நகரும் கூட்டம் இதிலெல்லாம்தான் ஆள் தேவை.

கசப்பான பகுதி ரேட்டில் இருக்கு. ரோட்டோ இங்கே வந்ததே ஆள் கூலி குறைவு என்பதால். அங்கே இருக்கும் கம்பாசிட்டரே தனக்கு வேண்டிய தளர்வான மேட்டை எடுத்துக்கிட்டால், அந்த ஷாட் கடல் தாண்டாது. வருவது எல்லாம் கஷ்டமான ஷாட், ஆனால் பிட் (வேலைக்குச் சொல்லும் விலை) பழைய சராசரி ரேட்டில். மூணு நாள் வேலைக்கு ஒண்ணரை நாள் காசு. பிட் போடுபவர்கள் ஷாட்டை எளிது, நடுத்தரம், முடி-பிளர் என்று பிரித்து விலை வைக்காவிட்டால் நஷ்டம் ஆர்ட்டிஸ்டோட ஞாயிற்றுக்கிழமையில் போய் விழும்.

குரல்வழி:

டப்பிங் பற்றி யாரும் சொல்லலை. சாக்-ஆஃப்ட்ரா ஒப்பந்தம் தமிழ் டப்பிங் கலைஞரைத் தொடாது. ஆனால் அவங்க 2024 ஜூலை 26ல் தொடங்கிய வீடியோ கேம் ஸ்ட்ரைக்கைப் படிச்சுப் பாருங்க. 2025 ஜூனில் நிறுத்தி வைத்து, ஜூலையில் ஒப்பந்தம் ஒப்புதல் ஆனது. அதில் ஒரு பிரிவு தங்கம்: ஸ்ட்ரைக் நடக்கும்போது, தன் குரல் நகலில் இருந்து புதுசா எதையும் உருவாக்கக் கொடுத்த சம்மதத்தைக் கலைஞர் நிறுத்தி வைக்கலாம். இது இல்லாவிட்டால் ஆள் வெளியே கோஷம் போட, அவர் குரல் உள்ளே வேலை பார்க்கும்.

இங்கே சங்க ஒப்பந்தத்தை நம்ப முடியாவிட்டால் சட்டத்தைப் பாருங்க. 1957 பதிப்புரிமைச் சட்டத்தில் 38, 38ஏ, 38பி நிகழ்த்துநர் உரிமைகள். 39ஏ வழியா 19ஆம் பிரிவும் பொருந்தும்: எழுதிக் கொடுத்த தாளில் கால அளவு சொல்லாவிட்டால் 5 வருஷம் என்றும், எல்லை சொல்லாவிட்டால் இந்தியா மட்டும் என்றும் கொள்ளணும். "நிரந்தரமாக, பிரபஞ்சம் முழுவதும்" என்று தாளில் அச்சடித்து வருவது இதனால்தான். அந்த ரெண்டையும் அடிச்சுட்டுக் கையெழுத்துப் போடச் சொல்லிக் கேளுங்க. ஒத்துக்காவிட்டாலும் "இந்தப் பதிவைக் குரல் மாதிரி உருவாக்கவோ ஏஐ பயிற்சிக்கோ பயன்படுத்தக் கூடாது" என்ற ஒரு வரியையாவது சேர்க்கச் சொல்லுங்க. அதற்குப் பெரும்பாலும் தயாரிப்பு மேலாளரிடம் மறுக்கக் காரணம் இருக்காது.

டைட்டிலில் பெயர் வருவது முக்கியம். கிரெடிட்டில் எங்குமே பெயர் வராத, தற்செயலான பங்களிப்பாளரைச் சட்டம் நிகழ்த்துநராகவே கணக்கில் எடுக்காது. அவருக்கு மிஞ்சுவது, நிகழ்ச்சியைச் சிதைத்துப் பெயரைக் கெடுப்பதை எதிர்க்கும் உரிமை மட்டும். கூட்டக் குரல் கொடுக்கும் ஆட்கள் இதைக் கவனிக்கணும்.

பிரதிவாதி:

குரல்வழியோடு ஒரு சேர்க்கை. 38ஏயில் ஒரு பிடி இருக்கு: படத்தில் சேர்க்க எழுத்துபூர்வமா சம்மதித்துவிட்டால், அதே படத்தில் தயாரிப்பாளர் அந்த உரிமையை அனுபவிப்பதைத் தடுக்க முடியாது, தாளில் வேறு மாதிரி எழுதியிருந்தால் தவிர. 2025 ஆகஸ்டில் 'ராஞ்சனா'வின் தமிழ்ப் பதிப்பை ஏஐயால் முடிவை மாற்றி மறுவெளியீடு செய்தபோது இயக்குநர் ஆனந்த் எல். ராயும் தனுஷும் எதிர்ப்புத் தெரிவித்தாங்க, படம் வந்தே விட்டது. இதற்கு நேர்மாறான வழியும் உண்டு: 2024ல் 'லால் சலாம்' பாட்டில் மறைந்த பம்பா பாக்யா, சாகுல் ஹமீது குரல்களை ஏஐயில் கொண்டுவந்தபோது, குடும்பங்களிடம் அனுமதி வாங்கி ஊதியமும் கொடுத்ததாக ரஹ்மான் சொன்னார். அது அவர் விருப்பத்தில் செய்தது. ஒப்பந்தத்தில் "முடிவு, வசனம், குரல் ஆகியவற்றை ஏஐயால் மாற்ற தனிச் சம்மதம் வேண்டும்" என்ற வரி இருந்தால் விருப்பத்தை நம்ப வேண்டியதில்லை.

ரோட்டோ போடும் மாதச் சம்பளக்காரர்களுக்கு இந்த வழியும் இல்லை. அதே பதிப்புரிமைச் சட்டத்தின் 17(சி) படி வேலையில் செய்ததற்கு முதலாளியே முதல் உரிமையாளர், நீங்கள் போட்ட ஷேப்களை வைத்து ஏஐயைப் பயிற்றுவிப்பதும் அவர் கையில். ஃப்ரீலான்ஸ் என்றால் பர்ச்சேஸ் ஆர்டரில் "டெலிவரி செய்த ஷேப், மேட் பயிற்சிக்கு அல்ல" என்று சேர்த்துப் பாருங்க. கிளையன்ட் அதற்குத் தனியா ஒரு விலை சொன்னால், அதுதான் உங்க டேட்டாவின் மதிப்பு.